நான்கு விரற்கடை

மிளகு அவனுடையது. தாசில்தார் என்னுடையது.
இரண்டும் ஆண்.
உலகத்தில் இன்னொரு ஆண் முயல் உண்டென்பது
இரண்டுக்கும் போன அக்டோபரில்தான் தெரிந்தது.

சாஸ்கடூனில், ஆற்றுக்கு மேற்கே,
கோமளவல்லியின் வாடகை வீட்டுக்கு
நான் கொண்டுவந்தவை
இரண்டு பெட்டி, சுரங்கத்துக் காலணி,
ஒரு குக்கர், ஒரு முயல்.
கதவைத் திறந்த யதுநந்தனுக்குப் பதின்மூன்று வயது.
என்னைப் பார்க்கவில்லை. கூண்டைப் பார்த்தான்.
"ஆணா?"
"ஆண்தான்."
"அப்போ சரிப்படாது" என்று
உள்ளே போய்விட்டான்.

சரிப்படவில்லை.
முதல் ராத்திரியே கம்பி வலையில் மூக்கு மோதி
தாசில்தாரின் மேலுதட்டில்
அரை நெல் அளவு ரத்தம்.
பேஸ்மென்ட் முழுக்கப் பறந்தது இரு நிறத்து மயிர்.
ஒன்று நடந்த தரையிலெல்லாம்
மற்றொன்று வந்து மூத்திரம் தெளித்துத்
தன் பேருக்குப் பட்டா மாற்றிக்கொண்டது.

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்கள்.
அந்த வாரம் எங்கள் வீட்டில்
முயல் இரண்டு, கால் ஆறு.
"உன்னுடையதுதான் முதலில் கடித்தது."
"உங்களுடையதுதான் முதலில் முறைத்தது."
இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த கோமளவல்லி
கோட்டைக்கூடக் கழற்றாமல்
குனிந்து எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
எட்டு கால்.
நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.
இரண்டு பேரும்.

மைனஸ் முப்பத்தொன்று.
முன் சீட்டில் ஒரு கூண்டு, பின் சீட்டில் ஒரு கூண்டு,
அதன் பக்கத்தில் அவன்.
பதினெட்டு நிமிடம் ஹீட்டர் மட்டும் பேசியது.

அறுவை முடித்த டாக்டர் கையைத் துடைத்தபடி சொன்னாள்:
எடுக்க வேண்டியதை எடுத்தாயிற்று.
ஆனாலும் கோபம்
இன்னும் ஆறு வாரம் ரத்தத்தில் ஓடும்.
அதுவரை பார்க்கட்டும், முகரட்டும்,
தொட விடாதீர்கள்.

ஒரு வேலி போதாது, இரண்டு வேண்டும்,
நடுவில் இடைவெளி வேண்டும் என்று
ஸ்கேலோடு இறங்கி வந்தான்.
நான் கையை நீட்டி அளந்தேன்:
நாலு விரற்கடை.
அவன் மண்டியிட்டு அளந்தான்:
ஏழரை சென்டிமீட்டர்.
இரண்டும் ஒன்றேதான் என்பது தெரிய
கொஞ்ச நேரம் ஆனது.
பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கி
பொட்டாஷ் வெட்டுகிறவன் நான்.
எட்டடி ஆழத்து பேஸ்மென்ட்டில்
எங்கே நிற்பதென்று தெரியாமல்
கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அவன் முடுக்கினான்.

அப்புறம் ஞாயிறுதோறும் துணி மாற்றுவோம்.
இதன் வாசனை அதற்கு, அதன் வாசனை இதற்கு.
மிளகு படுத்திருந்தது
அவனுடைய மூன்றாம் வகுப்பு ஸ்வெட்டரில்.
தாசில்தார் படுத்திருந்தது
என் பழைய கைலியின் பாதியில்.
மாற்றிப் போட்ட முதல் நாள்
இரண்டும் காலால் தரையைத் தட்டின.
மூன்றாம் ஞாயிறு
முகர்ந்துவிட்டு
தின்னத் தொடங்கின, துணியை.

பிப்ரவரியில் ஒரு விடியல்.
சுரங்கத்திலிருந்து வந்து கீழே இறங்கினால்
அந்தப் பக்கத்து வேலியோரம்
போர்வையோடு படுத்துக் கிடக்கிறான்.
மிளகு இந்த வேலியை ஒட்டி,
தாசில்தார் அந்த வேலியை ஒட்டி,
விலாவுக்கு விலா,
நடுவில் அந்த நாலு விரற்கடை.
காதுகள் மட்டும் தூங்கவில்லை.

"ஃபிரண்ட்ஸ் ஆகாது இதுங்க" என்றான் கண் திறக்காமல்.
"தெரியும்."
"ஆனா படுக்குதுங்க."
"ஆமா."

இடைவெளியில் ஒரு கொத்துமல்லித் தண்டு
விழுந்து கிடந்தது.
இரண்டு மூக்கும் அதையே பார்த்து ஆடின.
என் கை நுழையவில்லை.
அவன் கை நுழைந்தது.
எடுத்து, ஊதி, இரண்டாகக் கிள்ளி,
இலை இருந்த பாதியை
மிளகுக்கே கொடுத்தான்.
நியாயம்தான்.